லாட்டி டாட்: விம்பிள்டனை விட்டுச் சென்ற பிறகான பதினைந்து ஆண்டுகள்

தொடக்கப் பதிவு | நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளில் நாட்டுக்காக ஆடியவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சி. பி. ஃப்ரை, மேக்ஸ் வூஸ்னம் ஆகிய இருவரின் பெயர்களே முதலில் சொல்லப்படுகின்றன. ஃப்ரை இங்கிலாந்துக்காக 26 டெஸ்ட் போட்டிகளில் ஆடியதோடு 1901-இல் கால்பந்து அணியிலும் இடம்பெற்றார். வூஸ்னம் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் டென்னிஸ் இரட்டையர் தங்கத்தை வென்று, 1922-இல் இங்கிலாந்துக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கினார். இருவரும் அந்தப் புகழுக்கு முழுத் தகுதி உடையவர்கள். ஆனால் அதே காலத்தைச் சேர்ந்த லாட்டி டாட் என்ற பெண்மணியின் பெயர் வந்தால், "பதினைந்து வயதில் விம்பிள்டன் வென்ற சிறுமி" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த இழையைத் தொடங்குவதற்கு அந்த வரிதான் காரணம்.

ஷார்லட் டாட் 1871 செப்டம்பர் 24 அன்று, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், அப்போது செஷயர் மாவட்டத்தில் இருந்த பெபிங்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் டாட் பருத்தித் தரகில் பெரும் செல்வம் ஈட்டியவர். ஆனி, வில்லியம், டோனி ஆகியோருக்குப் பின் பிறந்த கடைக்குட்டியான லாட்டி, வீட்டிலேயே இருந்த இரண்டு டென்னிஸ் திடல்களில் ஆடி வளர்ந்தார். 1883-இல், பதினொரு வயதில், அக்காள் ஆனியோடு சேர்ந்து மான்செஸ்டரில் நடந்த வடக்கு வட்டாரப் போட்டியின் இரட்டையர் ஆட்டத்தில் இறங்கினார். 1886-இல் பாத் நகரில், தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோற்காமல் வந்த மாட் வாட்சனைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு விம்பிள்டனில் நடப்புச் சாம்பியனான பிளான்ச் பிங்லியை 6-2, 6-0 என்று வென்றபோது அவருக்கு வயது 15 ஆண்டுகள் 285 நாட்கள். 1888, 1891, 1892, 1893 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே கிடைத்தது. அதன் பின், இருபத்தொரு வயதில், ஒற்றையர் டென்னிஸ் போட்டிகளிலிருந்து விலகினார்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் அவர் இங்கிலாந்தின் சார்பில் ஹாக்கி ஆடியது 1899-லும் 1900-லும். பிரிட்டிஷ் மகளிர் கால்ஃப் சாம்பியன் பட்டத்தை வென்றது 1904-இல். ஒலிம்பிக் வில்வித்தையில் வெள்ளி வென்றது 1908-இல். பன்னாட்டு அளவில் பல விளையாட்டுகளை ஆடியவர் என்ற சொல்லுக்கு அவரை உரியவராக்கிய அனைத்தும் விம்பிள்டனுக்குப் பின் வந்த பதினைந்து ஆண்டுகளில்தான் நிகழ்ந்தன. அவற்றுள் 1904-இன் கால்ஃப் வெற்றியே அவருடைய மிகப் பெரிய சாதனை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1 | வெண்கோடு

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். நான் மறுக்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன்.

அன்றைய விம்பிள்டன் மகளிர் ஒற்றையரில் கலந்துகொண்டோர் தொகை கைவிரல்களுக்குள் அடங்கும். அத்துடன் "சவால் சுற்று" என்ற முறை அப்போது நடப்பில் இருந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியன் மற்ற சுற்றுகளில் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் தமக்குள் மோதி முடித்த பின், அவர்களில் வென்றவரோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் போதும். ஆகவே 1888, 1892, 1893 ஆகிய மூன்று பட்டங்களையும் டாட் தலா ஓர் ஆட்டத்தில் வென்றார். இன்று ஏழு சுற்றுகளைக் கடந்து பட்டம் பெறும் வீராங்கனையோடு இதை ஒரே தராசில் வைக்க முடியாது.

இரண்டாவது காரணம் செல்வம். அந்த வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் பிழைப்புக்காக வேலைக்குச் செல்ல வேண்டிய நிலையில் இருந்ததில்லை. குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்து, கோடையில் டென்னிஸ், இடையில் கால்ஃப் என்று ஆண்டு முழுவதையும் விளையாட்டுக்கே ஒதுக்கும் வாய்ப்பு அன்றைய பிரிட்டனில் எத்தனை பெண்களுக்கு இருந்தது? லங்காஷயர் நூற்பாலைகளில் வேலை செய்த பெண்களில் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய திறமை இருந்திருக்கலாம். அவள் கையில் மட்டையை யாரும் கொடுக்கவில்லை. டெக்சாஸின் எளிய குடும்பத்தில் பிறந்து, 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்று, பிறகு கால்ஃபிலும் உச்சம் தொட்ட பேப் டிட்ரிக்சனையே நான் டாட்டுக்கு மேலாக வைப்பேன்.

மறுமொழி 2 | நெய்தல்

வெண்கோடு ஐயா சொன்ன சவால் சுற்று பற்றிய செய்தி சரியானது. அதை என் முதல் பதிவிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

ஆயினும் எதிராளி யார் என்பதையும் பார்க்க வேண்டும். டாட் ஐந்து பட்டங்களையும் ஒரே வீராங்கனையை வென்றுதான் பெற்றார். பிளான்ச் பிங்லி, திருமணத்துக்குப் பின் பிளான்ச் ஹில்யார்ட், சாதாரண ஆட்டக்காரர் அல்லர். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றவர். கடைசிப் பட்டத்தை 1900-இல், முப்பத்தாறு வயதில் பெற்றார். அத்தகைய ஒருவர் டாட்டிடம் ஐந்து முறை தோற்றார். 1892-இல் 6-1, 6-1 என்று தோற்றார். 1893-இல்தான் முதல் செட்டை 8-6 என்று கைப்பற்றி டாட்டைச் சற்றே திணறச் செய்தார். பொதுப் போட்டிகளில் தம் வாழ்நாள் முழுவதிலும் டாட் ஒற்றையரில் தோற்ற ஆட்டங்கள் ஐந்தே ஐந்து. அவற்றுள் கடைசியானது 1892-இல் அயர்லாந்துப் போட்டியில் லூயிசா மார்ட்டினிடம் நேர்ந்தது.

1888-ஆம் ஆண்டின் ஆடவர் விம்பிள்டன் சாம்பியன் எர்னெஸ்ட் ரென்ஷாவோடு அதே ஆண்டு நடந்த காட்சிப் போட்டியும் நினைவுகூரத்தக்கது. ஒவ்வொரு கேமையும் டாட் 30-0 என்ற முன்னிலையோடு தொடங்கும் ஏற்பாட்டில் நடந்த அந்த ஆட்டத்தில், முதல் செட்டை 6-2 என்று டாட் வென்றார். மற்ற இரண்டையும் ரென்ஷா 7-5, 7-5 என்று மீட்டார். சலுகை கொடுத்த ஆட்டம்தான் என்றாலும், அந்த ஆண்டின் சாம்பியன் கடைசி கேம் வரை போராட வேண்டியிருந்தது.

செல்வத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மறுமொழி 3 | வளைகோல்

இந்த இழையை மிகுந்த ஈடுபாட்டோடு படித்து வருகிறேன். கல்லூரிக் காலத்தில் ஹாக்கி ஆடியவள் என்ற முறையில் உடையைப் பற்றியும் ஹாக்கியைப் பற்றியும் சிறிது எழுத விரும்புகிறேன்.

பிளான்ச் ஹில்யார்ட் போன்ற வளர்ந்த பெண்கள் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும் இடுப்பை இறுக்கும் கச்சும் அணிந்து டென்னிஸ் ஆடிய காலம் அது. பதினைந்து வயது லாட்டி பள்ளிச் சிறுமி என்பதால், கெண்டைக்கால் அளவுள்ள பாவாடையோடும் கிரிக்கெட் தொப்பியோடும் ஆட அவருக்குத் தடை இருக்கவில்லை. வலைக்கு அருகே ஓடிவந்து, பந்து தரையைத் தொடும் முன்பே அடிக்கும் "வாலி" ஆட்டத்தை அவர் கையாண்டதற்கு இந்த நான்கு விரல் துணிக் குறைவும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன். கல்லூரியில் எங்களுக்கு முதலில் கொடுக்கப்பட்ட சீருடை முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை. குனிந்து பந்தைத் தடுக்கும்போது மட்டை துணியில் சிக்கிக்கொள்ளும். சீருடை மாற்றப்பட்ட பருவத்தில் நாங்கள் வேறு அணியாகவே மாறிப்போனோம். ஆகவே உடை சிறிய செய்தி அன்று. ஆனால் அந்தச் சலுகை டாட்டுக்குச் சிறுமியாக இருந்தவரை மட்டுமே கிடைத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1890-களின் பட்டங்களை அவரும் நீண்ட பாவாடையோடுதான் வென்றார்.

ஹாக்கிக்கு வருகிறேன். டென்னிஸும் கால்ஃபும் வில்லும் தனியாள் விளையாட்டுகள். தனியாக வென்று பழகியவர் பதினொருவரில் ஒருவராக மாறுவது எளிதல்ல. பந்து தம்மிடம் வராத நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் புதிதாகக் கற்க வேண்டும். டாட் 1897-இல் ஸ்பைட்டல் என்ற ஊரின் மகளிர் ஹாக்கிக் கழகத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் தலைவியானார். அயர்லாந்துக்கு எதிராக 1899-இல் இங்கிலாந்து அணியில் ஆடினார். 1900-இல் அதே அயர்லாந்தை இங்கிலாந்து 2-1 என்று வென்றபோது இரண்டு கோல்களையும் அடித்தவர் டாட். மட்டையைப் பிடித்த மூன்றாண்டுகளுக்குள் நாட்டின் அணியில் இடம்பிடித்து வெற்றிக் கோலை அடிப்பது என்றால் என்ன என்பது அந்தத் திடலில் நின்றவர்களுக்குத் தெரியும். நெய்தல் அவர்கள் கால்ஃபை முதலிடத்தில் வைக்கிறார். நான் இந்த இரண்டு கோல்களையே முதலிடத்தில் வைப்பேன்.

மறுமொழி 4 | நாண்

வில்வித்தையைப் பற்றி இன்னும் யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். பயிற்சியாகச் சில ஆண்டுகள் வில் பிடித்திருக்கிறேன்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் வில்வித்தை ஜூலை 17, 18 ஆகிய இரு நாட்களில், ஒயிட் சிட்டி அரங்கில், மழைக்கும் காற்றுக்கும் இடையே நடந்தது. "நேஷனல் ரவுண்டு" என்ற முறையில் ஒரு நாளுக்கு 60 கஜத் தொலைவிலிருந்து 48 அம்புகளும் 50 கஜத்திலிருந்து 24 அம்புகளும் எய்ய வேண்டும். இரு நாட்களுக்கும் சேர்த்து 144 அம்புகள். நடுவட்டத்தில் பட்டால் 9 புள்ளிகள். வெளியே செல்லச் செல்ல 7, 5, 3, 1 என்று குறையும். முதல் நாள் முடிவில் டாட் 348 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தார். குவீனி நியூவால் 338. இரண்டாம் நாளில் நியூவால் 350 எடுக்க, டாட் 294-க்கு இறங்கினார். இறுதிக் கணக்கு 688-க்கு 642.

இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். நியூவாலின் இரு நாள் புள்ளிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் பன்னிரண்டு. ஈரமான நாணும், நனைந்து கனத்த அம்பு இறகுகளும், மாறி மாறி வீசும் காற்றும் இருந்தபோதும், ஐம்பத்து மூன்று வயதான அந்தப் பெண்மணியின் கை அசையவில்லை. அது நீண்ட காலம் வில்லோடு வாழ்ந்தவரின் கை. டாட் 1905-இல் நியூபரிக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் போட்டி வில்வித்தையில் முழுமையாக இறங்கினார். முதல் நாளில் முன்னிலை பெறும் அளவுக்கு இலக்கைப் பார்க்கும் திறமை அவரிடம் இருந்தது. மோசமான நாளிலும் அதே புள்ளியைத் திரும்ப எடுக்கும் நிலைத்த தன்மை இன்னும் வந்து சேரவில்லை. கற்கத் தொடங்கிய எனக்கும் முதலில் நல்ல நாட்கள் வந்தன. கெட்ட நாட்களைச் சமாளிக்கக் கற்க நெடுங்காலம் ஆயிற்று.

அதே ஒலிம்பிக்கில் ஆடவர் பிரிவின் "யார்க் ரவுண்டு" போட்டியில் அவருடைய அண்ணன் வில்லியம் டாட் 815 புள்ளிகளோடு தங்கம் வென்றார். இரண்டாம் நாளான ஜூலை 18 அவருடைய பிறந்தநாளும் ஆகும். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் அண்ணன் தங்கை இவர்களே.

மறுமொழி 5 | வெண்கோடு

நாண் அவர்களின் கணக்கு மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் அதே போட்டியில் கலந்துகொண்ட 25 பெண்களும் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்நாளின் தலைசிறந்த வில்லாளியான ஆலிஸ் லெக் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளவில்லை; அடுத்த வாரம் நடக்கவிருந்த தேசியப் போட்டிக்காக ஒதுங்கியிருந்தார். அந்தப் போட்டியில் அவர் நியூவாலை 151 புள்ளிகள் வேறுபாட்டில் வென்றார். ஒலிம்பிக் சாம்பியனையே அவ்வளவு பின்தள்ளியவர் களத்தில் இருந்திருந்தால் வெள்ளிப் பதக்கம் யாருக்குச் சென்றிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இதைச் சொல்வதால் டாட்டை நான் இகழ்வதாக யாரும் கருத வேண்டாம். பதக்கத்தின் உலோகத்தைப் பார்க்காமல் களத்தின் ஆழத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

மறுமொழி 6 | நெய்தல்

களத்தின் ஆழம் என்ற அளவுகோலை நான் மனமார ஏற்கிறேன். கால்ஃபை முதலிடத்தில் வைத்ததற்கு அந்த அளவுகோல்தான் காரணம்.

டாட் இளவயதிலேயே கால்ஃப் மட்டையைப் பிடித்திருந்தாலும், 1894-இல்தான் அதை முழுமூச்சாகக் கையிலெடுத்தார். மோர்ட்டனில் மகளிருக்கென ஒரு கழகம் அமையத் துணைநின்றார். அதே ஆண்டு பிரிட்டிஷ் மகளிர் போட்டியில் இறங்கி மூன்றாம் சுற்றில் தோற்றார். டென்னிஸில் பதினைந்து வயதில் கிடைத்த வெற்றி கால்ஃபில் கிடைக்கவில்லை. 1898-இல் அரையிறுதி வரை சென்று தோற்றார். 1900-இல் மீண்டும் அரையிறுதியில் தோற்றார். இடையில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்காலங்களைக் கழித்து, மலையேறினார். பனிச்சரிவில் சறுக்குவண்டி ஓட்டினார். பனிக்கட்டிச் சறுக்கலில் மகளிர் தேர்வை 1896-லும், கடினமான ஆடவர் தேர்வை 1897-லும் வென்றார். ஆடவர் தேர்வில் வென்ற இரண்டாவது பெண் அவர். 1901-இல் தாயார் இறந்தார். இவை அனைத்துக்கும் பிறகு, முதல் முயற்சியிலிருந்து பத்து ஆண்டுகள் கடந்த நிலையில், 1904-இல் ஸ்காட்லாந்தின் ட்ரூன் திடலில் இறுதிப் போட்டிக்கு வந்தார்.

எதிரே நின்றவர் அயர்லாந்தின் மே ஹெஸ்லட். அவர் 1899-லும் 1902-லும் அந்தப் பட்டத்தை வென்றவர். பின்னர் 1907-லும் வென்றார். ஹெஸ்லட் முதல் பட்டம் பெற்றபோது வயது பதினேழு. டென்னிஸில் டாட் எப்படி ஓர் அதிசயச் சிறுமியாக வந்தாரோ, கால்ஃபில் அப்படியே வந்தவர் ஹெஸ்லட். இம்முறை டாட் முப்பத்திரண்டு வயதுக்காரராக, ஒரு பட்டமும் பெறாதவராக நின்றார். ஒரு குழி வேறுபாட்டில் டாட் வென்றார். இங்கே சவால் சுற்று இல்லை. சாம்பியனும் முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டும். டென்னிஸ், கால்ஃப் இரண்டிலும் பிரிட்டனின் மகளிர் சாம்பியனாக விளங்கியவர் அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஒருவரே.

அதே ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று, மெரியனில் நடந்த அமெரிக்க மகளிர் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பயணம் வீண்போகவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க வீராங்கனைகள் கடல் கடந்து வந்து, க்ரோமரில் பிரிட்டிஷ் மகளிரோடு ஒரு நட்புப் போட்டி ஆடினார்கள். அவர்களில் இருந்த கர்ட்டிஸ் சகோதரிகளின் பெயரில்தான், இரு கரைகளின் மகளிர் கால்ஃப் அணிகளும் மோதும் கர்ட்டிஸ் கோப்பை 1932 முதல் ஆடப்படுகிறது.

மறுமொழி 7 | கடலோரம்

ஒரு சிறு திருத்தம். முதல் பதிவில் இல்லாவிட்டாலும், பலரும் டாட்டை "விம்பிள்டன் வென்றவர்களிலேயே மிக இளையவர்" என்று எழுதுகிறார்கள். ஒற்றையரைப் பொறுத்தவரை அது இன்றும் உண்மை. ஆனால் 1996-இல் மகளிர் இரட்டையர் பட்டம் வென்ற மார்ட்டினா ஹிங்கிஸ், டாட்டைவிட மூன்று நாட்கள் இளையவராக இருந்தார்.

ஒரு கேள்வியும் உண்டு. இருபத்தொரு வயதில், தோற்கடிக்க எவரும் இல்லாத நிலையில், டென்னிஸை ஏன் விட்டார்?

மறுமொழி 8 | நெய்தல்

திருத்தத்துக்கு நன்றி, கடலோரம்.

அவருடைய மனத்தில் இருந்ததை நான் சொல்ல இயலாது. நடந்தவற்றை மட்டும் வரிசையாகப் பார்க்கிறேன். 1889-இல் அவர் விம்பிள்டனுக்கே வரவில்லை. ஸ்காட்லாந்துக் கரையோரமாகப் பாய்மரப் படகில் சென்றவர் போட்டிக்குத் திரும்பவில்லை. 1890-லும் ஆடவில்லை. 1891-இல் வந்தார், வென்றார். பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்வது அவருக்கு ஒருபோதும் முதன்மையாக இருந்ததாகத் தெரியவில்லை. 1893-க்குப் பின் ஆண்டுக்கு ஓர் ஆட்டம் ஆடி இன்னும் சில பட்டங்களைச் சேர்த்திருக்கலாம். அதைச் செய்யாமல், தோல்வி உறுதியாகக் காத்திருந்த கால்ஃப் திடலுக்குப் போனார். வெண்கோடு ஐயா சொன்ன ஆழமற்ற களம் டாட்டுக்கும் தெரிந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 9 | வெண்கோடு

பத்தாண்டுத் தோல்விகளுக்குப் பிறகு ஹெஸ்லட்டை வென்றது என்ற வரிசையை நான் இதுவரை இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. டென்னிஸ் பற்றிய என் மறுப்பை அப்படியே வைத்துக்கொள்கிறேன். வில்வித்தை பற்றியதையும் வைத்துக்கொள்கிறேன். கால்ஃப் வெற்றியை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. டிட்ரிக்சனை மேலே வைப்பதிலும் மாற்றம் இல்லை. ஆனால் டாட்டுக்கும் அவருக்கும் இடையே நான் நினைத்திருந்த தூரம் குறைந்திருக்கிறது.

பணவசதி பத்து ஆண்டுகள் காத்திருக்க இடம் கொடுத்தது என்பதையும் விட்டுவிட வேண்டாம். வேலைக்குச் செல்லும் ஒரு பெண் அப்படிக் காத்திருக்க முடிந்திருக்காது.

மறுமொழி 10 | வளைகோல்

வெண்கோடு ஐயாவின் கடைசி வரியை ஏற்றுக்கொண்டே, ஒன்றைச் சேர்க்கிறேன். பணத்தால் வாங்க முடியாத ஒன்று உடல்நலம். 1900-இல் அயர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல்களை அடித்த பின் இங்கிலாந்து அணியில் டாட்டின் ஹாக்கி வாழ்க்கை நீடிக்கவில்லை. இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் சயாட்டிகா நரம்பு வலி அவரைப் பல மாதங்கள் திடலிலிருந்து விலக்கிவைத்தது; அதன் பின் அவர் நாட்டின் அணிக்காக ஆடவில்லை. குனிந்து ஓடும் விளையாட்டு ஹாக்கி. அந்த வலியோடு அதை ஆட முடியாது. நிமிர்ந்து நின்று ஆடும் கால்ஃபும் வில்லும் அவருக்கு ஏற்றவையாக இருந்திருக்கலாம் என்று பார்த்தால், 1904-உம் 1908-உம் வேறு பொருள் தருகின்றன.

முதல் உலகப் போர் வந்தபோது அவர் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்தார். பிரான்சின் போர்முனைக்குச் செல்ல விரும்பினார். அதே வலி அங்கும் குறுக்கே நின்றது. ஆகவே லண்டனின் சிஸ்விக்கில் இருந்த இராணுவ மருத்துவமனையில் பணிபுரிந்தார். ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாகப் பணியாற்றியதற்காகச் சேவைப் பதக்கம் பெற்றார்.

நாண் அவர்களிடம் ஒரு கேள்வி: இடுப்பில் அத்தகைய வலி உள்ள ஒருவர் மழையில் நின்று ஒரே நாளில் 72 அம்புகளை எய்தால், இரண்டாம் நாளில் அது புள்ளியில் தெரியுமா?

மறுமொழி 11 | நாண்

தெரியும். இழுக்கும் கையைவிட நிற்கும் நிலைதான் அம்பின் போக்கை முடிவு செய்கிறது; இடுப்பு சற்றே விலகினாலும் 60 கஜத்தில் அம்பு தள்ளிப்போகும். அன்று அவருக்கு வலி இருந்ததா என்பதை எண்களை வைத்து நான் கூற முடியாது. ஆனால் உங்கள் பதிவைப் படித்த பின், 348-க்கும் 294-க்கும் இடையிலான அந்த 54 புள்ளிகளை அனுபவக் குறைவு என்று அவ்வளவு எளிதாக எழுதியிருக்கக் கூடாது என்று உணர்கிறேன்.